தங்கம் ஏற்றிய கப்பல்

தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லைனில் கடலைக் கண்ணால் பார்த்தவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் எல்லாம் குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள். ஏரி பார்த்திருந்தோம். மழை பெய்த வருஷங்களில் பாலாற்றில் தண்ணீர் போவதைப் பார்த்திருந்தோம். அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஜனங்களுக்கு நடுவே, மாரிகுப்பத்தில் மூங்கில் தட்டியும் மண்பூச்சுமாக இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டில், என் கணவர் ஒரு பாய்மரக் கப்பல் செய்தார்.

அவருக்குச் சுரங்கத்தில் டிம்பர்மேன் வேலை. பாறையைக் குடைந்துகொண்டு போகிற இடங்களில் மேலே உள்ளது இறங்கிவிடாதபடி மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். காலை ஷிப்டுக்குக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கினால் பிற்பகலில்தான் மேலே வருவார். பேச்சு குறைவு. சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். ஒரு துண்டு மரம் கையில் கிடைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு இன்ன மரம் என்று சொல்வார். நான் கன்னியர் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவள். அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். சாயங்காலங்களில் நான் ஜெபப் புத்தகம் வாசிப்பேன். அவர் எதையாவது செதுக்கிக்கொண்டே கேட்டிருப்பார்.

முதல் பிள்ளை பதினோரு நாள் இருந்தான். இரண்டாவது பிள்ளை உட்காரப் பழகி, அப்பாவைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டத் தொடங்கிய பிறகு, ஒரே நாள் பேதியில் போய்விட்டான். இரண்டு பேருக்கும் பெட்டியை அவரே செய்தார். வேறு ஆளிடம் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். இரண்டாவது பெட்டிக்கு ஆணி அடிக்கும்போது அது வளைந்துகொண்டே இருந்தது. பிடுங்கினார், நிமிர்த்தினார், மறுபடி அடித்தார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஆணியாக எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது முறை நான் உண்டாகியிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் சொன்னார்.

“இந்தப் புள்ள தங்கிச்சின்னா, வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு கப்பலு செஞ்சு எட்த்துக்கினு வரேன்னு வேண்டிக்கினேன்.”

வேளாங்கண்ணிக் கப்பலின் கதை எங்கள் வீடுகளில் தெரியாத பிள்ளை கிடையாது. பறங்கி வியாபாரிகள் சீனத்துச் சரக்கை ஏற்றிக்கொண்டு வரும்போது புயலில் மாட்டினார்கள். மாதாவைக் கூப்பிட்டு அழுதார்கள். கப்பல் உடையாமல் கரைக்கு வந்தது. பிழைத்த நன்றிக்கு, அங்கே இருந்த கூரைக் கோவிலைக் கல்கோவிலாகக் கட்டினார்கள். அந்தக் கப்பலைத்தான் அவர் சொன்னார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளைக்காக வேண்டிக்கொள்பவர்கள் தொட்டில்தான் வைப்பார்கள்.

“தொட்டிலு செஞ்சா போதாதாங்க?” என்று கேட்டேன்.

“தொட்டிலும் பொட்டி மாரிதானே கீது,” என்றார்.

பெண் பிறந்தது. தலை நிறைய முடி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட்டது தங்கம். அந்த ஊரில் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லத் தயங்குகிற காலம் அது. தங்கக் கல்லைத் திருடி வெளியே கடத்துகிறார்கள் என்று கம்பெனிக் காவல்காரர்கள் லைன் லைனாகச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனாலும், இரண்டு பேரைப் பறிகொடுத்த பிறகு கிடைத்த பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இரண்டாவது பிள்ளை இறந்த வயதைத் தங்கம் தாண்டும்வரை அவர் மரத்தைத் தொடவில்லை. தாண்டிய மறுவாரம் ஆரம்பித்தார். தனக்கு மேலே இருந்த வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டு, கழித்துப்போட்ட மரத்துண்டுகளையும் வெடிமருந்து வந்த காலிப் பெட்டிப் பலகைகளையும் கொண்டுவந்தார். மாதிரிக்கு ஒரு பிஸ்கட் டின் மூடியில் இருந்த கப்பல் படம். அதில் பாதிக்குமேல் துருப் பிடித்திருந்தது. மிச்சத்துக்குத்தான் கடலைப் பார்த்த அந்த ஒருவர் இருந்தார்.

அவர் எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்தார். என் கணவர் அவரை அண்ணாத்தே என்பார், நான் அண்ணா என்பேன். சின்ன வயதில் மதராஸில் பாய்க்கப்பல் ஏறி நெட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியபோது தாய் தகப்பன் இருவரும் இல்லை. சுரங்கத்துக்கு வந்து என் கணவரோடு ஒரே கூட்டத்தில் மரம் வைக்கிற வேலையில் சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரக்கணக்காகக் கப்பல் தளத்தில் கிடந்து பார்த்ததையெல்லாம் விரலால் மண்ணில் வரைந்து காட்டுவார்.

“வவுறு இவ்ளோ ஒட்டி இருந்தா சரக்கு எங்க போடுவான்? இது வியாபாரக் கப்பலு நைனா, சண்டைக்குப் போறது இல்ல,” என்று முதல் தடவை செய்ததைக் கழிக்கச் சொன்னார். என் கணவர் அதை அடுப்புக்குக் கொடுத்துவிட்டு வேறு எடுத்தார். மூன்று பாய்மரம். ஒவ்வொன்றிலும் குறுக்குச் சட்டம். அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கஞ்சி போட்டுப் பாய் தைத்தேன். கயிறுகளுக்கு என் தையல் நூலையே திரித்தோம். எந்தக் கயிறு எந்த மரத்திலிருந்து எங்கே போகிறது என்பது அண்ணாவுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் இருவருக்கும் கடைசிவரை அது பிடிபடவில்லை. தங்கம் தவழ்ந்து வந்து நூல் கண்டைப் பிடித்து இழுப்பாள். அண்ணா அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டே முடிச்சுப் போடுவார். அந்த எட்டு ஒன்பது மாதங்களைப்போல் எங்கள் வீடு பிறகு எப்போதும் இருந்ததில்லை.

எல்லாம் முடிந்து துணி துவைக்கிற தொட்டியில் மிதக்கவிட்டபோது கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது.

“சரக்கு இல்லாம பாய் வெச்சா கவுந்துதான் போவும். அடியில கனம் வோணும்,” என்றார் அண்ணா.

என் கணவர் பழைய இரும்புத் துண்டுகளை அடியில் பரப்பினார். பிறகு கொஞ்சநேரம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடையில் தங்கத்தின் தலையெல்லாம் கொப்புளம் வந்ததால் வேளாங்கண்ணிவரை காத்திருக்காமல் ஊரிலேயே மொட்டை போட்டிருந்தோம். கோவிலில் சேர்ப்பதற்காக அந்த முடியை வெள்ளைத் துணியில் முடிந்து வைத்திருந்தேன். அதை எடுத்துவரச் சொன்னார்.

“நம்ம சரக்கு இதானே,” என்று சொல்லிக் கப்பலின் வயிற்றுக்குள் வைத்து, மேலே பலகை பொருத்தி, பசை தடவி மூடிவிட்டார். “மாதா திருநாளுக்குப் போயி சேக்கிற வரிக்கும் யாருக்கும் சொல்ல வாணாம். வேண்டுதல வெளிய சொல்லக் கூடாது.”

நானும் அண்ணாவும் ஆகட்டும் என்றோம்.

பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கியிருந்த சமயம். காலையில் குழாயடியில் நாலு லைன் பெண்களும் நிற்போம். கப்பலைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவள் திரும்பிக் கேட்டாள்.

“இன்னாமே, உங்க கப்பலு முட்ஞ்சிட்ச்சா?”

எனக்கு அன்று மனசு பொங்கிக்கொண்டிருந்தது. முடியைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பது நினைவில் இருந்தது. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. பாதியைச் சொன்னேன்.

“முட்ஞ்சிட்ச்சு. எங்க தங்கத்தை அது வவுத்துல வெச்சு மூடிட்டாரு. இனிமே அது மாதாவுக்குத்தான்.”

என்னைத் தெரிந்த பெண்கள் சிரித்தார்கள். பின்னால் வரிசையில், வேறு லைன்களிலிருந்து வந்த, எனக்கு முகம் தெரியாத நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் சிரித்தார்களா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் முற்பகல். அவர் ஷிப்டுக்குப் போயிருந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். காவல்காரர்கள் நாலு பேரும் அவர்களுடைய ஜமேதாரும் உள்ளே வந்தார்கள். பானைகளைக் கவிழ்த்தார்கள், பாயை உதறினார்கள். ஜமேதார் நேராக மாடத்துக்குப் போய்க் கப்பலை எடுத்தார். கையில் ஏந்தி எடை பார்த்தார்.

“மரக் கப்பலுக்கு ஏன் இவ்வளவு கனம்? தங்கம் எங்கே?”

எனக்கு முதலில் புரியவில்லை. தூளியைக் காட்டினேன். “தங்கம் தூங்குதுங்க.”

அவர் முகம் சிவந்துவிட்டது. நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். அப்போதுதான் குழாயடியில் நான் சொன்ன வார்த்தை எனக்கே திரும்பக் கேட்டது. “சாமி, அது புள்ளையோட பேருங்க, உள்ள இரும்புதாங்க கீது” என்று காலில் விழுந்தேன். ஒரு காவல்காரன் கைக்கோடாலியால் கப்பலின் வயிற்றில் போட்டான். இரண்டாவது அடியில் அது பிளந்தது. மூன்று பாய்மரமும் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. இரும்புத் துண்டுகள் சிதறின. துணி முடிச்சைக் கண்டதும் ஜமேதார் தானே குனிந்து எடுத்து அவிழ்த்து உதறினார்.

“வெறும் மயிரு,” என்றார்.

போய்விட்டார்கள். வாசல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. நான் மண்டியிட்டு மரச் சிம்புகளுக்கு நடுவே அந்த முடியைப் பொறுக்கினேன். பிள்ளை முடி மிகவும் மெல்லியது, விரலில் அகப்படாது. விரலை ஈரம் பண்ணித் தொட்டுத் தொட்டு எடுத்தேன். பாதிகூடக் கிடைக்கவில்லை. தங்கம் தூளியில் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தார். வாசலில் நின்று பார்த்தார். உள்ளே வந்து, பிளந்த இரண்டு பாதியையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“யாரு சொன்னாங்களாம்?”

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். அவர் அடிக்கிறவர் இல்லை, கத்துகிறவரும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை.

“தெரியலைங்க,” என்றேன்.

“உள்ள வெச்சு மூடினது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும்,” என்றார் மெதுவாக. எந்தத் திசையில் அவர் மனசு போகிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன்.

மறுநாள் காலை வழக்கம்போல அண்ணா வாசலில் வந்து நின்று குரல் கொடுத்தார். இருவரும் சேர்ந்துதான் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுக்குப் போவார்கள். என் கணவர் அவரைப் பார்க்காமல் கடந்து போனார். ஞாயிற்றுக்கிழமை அண்ணா மறுபடி வந்தார், கையில் புதுப் பலகை ஒன்றோடு.

“உடுப்பா நைனா, மறுபடியும் செய்யலாம்.”

“இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க,” என்றார் என் கணவர் உள்ளிருந்தபடியே.

அண்ணாவுக்கு விஷயம் விளங்கச் சற்றுநேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் என் கணவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் சட்டிக்குள் கரண்டியை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன். பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார். விஷயம் கூட்டத்தில் பரவி, மற்ற ஆட்களும் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பிறகு அவர் சுரங்கத்தில் வேறு ஆழத்தில் இருந்த லெவலில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

என் கணவர் அந்தப் பலகையைத் தொடாமல் வேறு மரத்தில் இரண்டாவது கப்பலை ஆரம்பித்தார். முதலாவதைவிடச் சின்னது. உடல் நன்றாகவே வந்தது. பாய்மரம் வைக்கத்தான் தெரியவில்லை. பிஸ்கட் டின் மூடியை எடுத்து எடுத்துப் பார்ப்பார், வைத்துவிடுவார். தவக்காலத்தில் நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். புருஷனிடம் சொல் என்றார். சொல்கிறேன் என்று வந்தேன். பாஸ்குத் திருநாள் முடியட்டும் என்று தள்ளினேன். பாஸ்கு முடிந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்தது, காய்ச்சல் விடட்டும் என்று தள்ளினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணி வாக்கில் வீட்டுத் தரை அதிர்ந்து பானைகள் ஒன்றோடொன்று இடித்தன. பூமிக்கடியில் பாறை வெடித்தால் அப்படித்தான் இருக்கும். அந்த அதிர்வு எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் கொஞ்சநேரத்தில் சங்கு விடாமல் ஊதியது. தங்கத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். ஷாஃப்டு வாசலில் பெண்கள் எல்லோரும் கேஜ் மேலே வருவதையே பார்த்துக்கொண்டு நின்றோம். நாலு முறை வந்தது. ஐந்தாவது முறை வந்தபோது அண்ணா அதில் நின்றிருந்தார். வேறு லெவலில் இருந்தவர் சேதி கேட்டு ஓடிப்போய் மரங்களையும் கல்லையும் கையால் வாரி ஒதுக்கியிருக்கிறார். விரல்களெல்லாம் பிய்ந்து ரத்தமாக இருந்தன. அவர் காலடியில் என் கணவரைக் கோணித்துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். முகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

பெட்டியை யாரோ செய்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை.

அடக்கம் முடிந்து முப்பதாம் நாள் பூசையன்று, கோவில் மதிலோரம் தனியாக நின்றிருந்த அண்ணாவிடம் போனேன்.

“அண்ணா, குழாயடியில சொன்னது நான்தான்,” என்று ஆரம்பித்து, முழுதையும் சொன்னேன். அவர் புண் ஆறிக்கொண்டிருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன்கிட்ட சொன்னியா?”

“இல்லைண்ணா.”

“அப்போ நான்தான் சொன்னேன்னு நெனச்சுக்கினேதான் பூட்டான்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“இப்ப எங்கிட்ட இன்னாத்துக்குமே சொல்றே?” என்றார். பதிலுக்கு நிற்காமல் நடந்துவிட்டார். அதுவரை என்னை அவர் ‘ம்மா’ என்றுதான் கூப்பிட்டிருந்தார், ‘மே’ என்றதில்லை.

திருநாளுக்கு ஒரு வாரம் இருந்தது. பாய்மரம் இல்லாத கப்பலையாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவது என்று முடிவு செய்து, லைனிலிருந்து போகிற நாலு குடும்பங்களோடு நானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கிளம்புவதற்கு முந்தின நாள் பிற்பகல் அண்ணா வந்தார். உள்ளே வரவில்லை. வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். கப்பலைக் கொடுத்தேன். மடியிலிருந்து, முன்பே சீவி வைத்திருந்த மூன்று மரக்குச்சிகளை எடுத்தார். துளையிட்டுப் பொருத்தினார். நூல் கேட்கவில்லை, அதையும் கொண்டுவந்திருந்தார். நகம் போன விரல்களால் ஒவ்வொரு கயிறாகக் கட்டினார். வெயில் தாழும்வரை கட்டிக்கொண்டிருந்தார். தங்கம் போய் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் தூக்கவில்லை, தள்ளவும் இல்லை.

மேல்பலகையை மூடுவதற்கு முன்னால் மட்டும் நிமிர்ந்தார்.

“முடி எங்க?”

பொறுக்கி வைத்திருந்ததைக் கொடுத்தேன். உள்ளே வைத்து மூடினார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். எழுந்து, வேட்டியில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். சொம்பு அப்படியே இருந்தது.

ரயில் மாறி ரயில் மாறி நாகப்பட்டினம் போய், அங்கிருந்து நடந்தோம். கப்பலைத் துணியில் சுற்றி மார்போடு பிடித்திருந்தேன். வேளாங்கண்ணியில் கடலைப் பார்த்ததும் கூட வந்தவர்கள் எல்லாம் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்குப் பெரிய இரைச்சலாக மட்டும் இருந்தது. கோவிலில் நேர்ச்சைப் பொருள் வாங்குகிறவர் கப்பலை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “நல்லா பண்ணியிருக்காங்க” என்று சொல்லி ஒரு பலகைமேல் வைத்தார். அங்கே வெள்ளிக் கண்கள், மெழுகுக் கைகால்கள், தொட்டில்கள் நிறைய இருந்தன. யார் செய்தது என்று அவர் கேட்பார் என்று நின்றேன். எனக்குப் பின்னால் கூட்டம் நெருக்கியது. தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பிவரும் ரயிலில் ஒன்றைத் தீர்மானித்தேன். அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்பதில் இனி அர்த்தமில்லை. ஆனால் அவரைப் பழித்தவர்களிடம் உண்மையைச் சொல்லலாம். வீட்டுக்கு வந்து மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, என் கணவருடைய கூட்டத்துக்குத் தலைவராக இருந்த மேஸ்திரியின் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். குழாயடியில் உளறியது நான், மறைத்தது நான், அந்த மனுஷர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று.

அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“அவரு மூணு நாளுக்கு முன்னாடியே கம்பெனியில பேரு வெட்டிக்கினு பூட்டாரும்மா,” என்றார். “ரங்கூனுக்குன்னு ஒருத்தன் சொல்றான். மறுபடியும் நெட்டாலுக்குன்னு ஒருத்தன் சொல்றான். போற அன்னிக்கு எல்லார் வூட்டாண்டையும் வந்து நின்னாரு. நாங்க யாரும் வெளிய வரல.”

பிறகு வாசலில் போய், தெருவில் இருந்த ஆட்களைக் கூப்பிட்டார். நாலைந்து பேர் வந்தார்கள். “மறுபடியும் சொல்லும்மா,” என்றார். மறுபடியும் சொன்னேன். அவர்களில் ஒருவர் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். மற்றவர்கள் கலைந்தார்கள்.

அதற்கப்புறம் நான் தங்கக் கல்லை அரைக்கிற மில்லில் கல் பொறுக்குகிற வேலைக்குச் சேர்ந்து பிள்ளையை வளர்த்தேன். அவளுக்குக் கல்யாணமாகிக் கோரமண்டல் லைனில் குடியிருக்கிறாள். அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பரதேசம் போய்த் திரும்புகிறவர்கள் யார் வந்தாலும் விசாரித்துப் பார்த்தேன். அண்ணாவைப் பற்றி ஒரு சேதியும் கிடைக்கவில்லை.